முடக்குவாதமும் நுண்ணுயிர் எதிரிகளும்: ஒரு மருத்துவக் கருதுகோளின் சமூக வரலாறு

1

மருத்துவ வரலாறு மருத்துவர்க்கு மாத்திரமே உரியதென்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. எனவே, இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் அத்துறையிற் புகும்போது அதற்கு நியாயங் கூறவேண்டியவனாகின்றான். எனது நியாயம் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றது. 'முடக்குவாதம்' என்பது அச்சொல். அதன் பிற்பகுதி, நோயை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் சமநிலைக் குலைவாகக் கண்ட மரபு மருத்துவக் கொள்கையின் எச்சமாகும். முற்பகுதியோ நோயின் காரணத்தைக் கூறாது அதன் சமூக விளைவைக் கூறுகின்றது. கையுங் காலும் முடங்கியவர் உழைப்பிலிருந்து விலக்கப்படுகின்றார் என்பதே அதன் பொருள். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'றியூமற்றிசம்' என்ற பெயரும் 'ஒழுகுதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததே. தீய நீர் உடலில் வழிந்து மூட்டுகளிலே தங்குகின்றது என்ற பழங்கோட்பாடு அதனுள் உறைந்து கிடக்கின்றது. பெயர்கள் கோட்பாடுகளைச் சுமக்கின்றன. கோட்பாடுகள் அவை தோன்றிய காலத்தின் சமூக உறவுகளைச் சுமக்கின்றன.

இக்கட்டுரை ஆராய்வது இந்நோய் பற்றிய ஒரு கருதுகோளின் வரலாற்றையாகும். முடக்குவாதம் நுண்ணங்கிகளால் விளையும் தொற்றுநோய் என்றும், ஆதலின் நுண்ணுயிர் எதிரிகளால் அதனைத் தணிக்க இயலுமென்றும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கூறப்பட்டு வந்துள்ளது. இக்கருதுகோள் பலமுறை மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் வேறொரு வடிவிலே திரும்பி வந்தது. இதற்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்பது ஒன்று. மருந்துக் கம்பனிகள் மலிவான மருந்தொன்றின் உண்மையை மறைத்துவிட்டன என்பது மற்றொன்று. இடதுசாரிச் சிந்தனையுடையோர் இரண்டாவது விளக்கத்தினாற் கவரப்படுவது இயல்பே. இதனை எழுதுபவனும் அதற்கு விலக்கல்லன். ஆயினும் கவர்ச்சியுடையதென்பதால் ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. சான்றுகள் எதனைத் தாங்குகின்றன, எதனைத் தாங்கவில்லை என்று நோக்குதல் வேண்டும்.

2

முடக்குவாதத்தின் முதலாவது தெளிவான மருத்துவ விவரணம் 1800ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிலே எழுதப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. அதனை எழுதியவர் ஒகஸ்தென் லாந்திரே-போவே என்ற இளம் மருத்துவ மாணவர். அவர் கண்ட இடம் சல்பேற்றியேர். அநாதைகளும் முதியோரும் மனநோயாளரும் வறியோருமான பெண்கள் ஆயிரக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்ட பெருமனை அது. தமது ஆய்வேட்டில் அவர் விவரித்த ஒன்பது நோயாளரும் பெண்களே.

அதுவரை மூட்டுநோய் என்றதும் மருத்துவர் மனத்தில் எழுந்தது 'கவுட்' எனப்படும் வாதரத்தமாகும். உண்டு குடித்து வாழ்ந்த செல்வந்த ஆடவரின் நோயாக அது கருதப்பட்டது. செல்வந்தரிடமே மருத்துவர்க்குப் பணமும் புகழும் இருந்தமையால் ஏழைப் பெண்களின் முடங்கிய கைகள் தனியொரு நோயின் அடையாளமாக எவர் கண்ணிலும் படவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் பின்னர் வைத்தியசாலை கல்விக்கூடமாக மாற்றப்பட்டது. வறியோரின் உடல் பயிலுதற்குரிய பொருளாயிற்று. அந்நிலைமையிலேதான் இந்நோய் கண்டறியப்பட்டது. எனினும் லாந்திரே-போவே அதனை வாதரத்தத்தின் ஒரு வகையாகவே பெயரிட்டார். இரண்டும் வெவ்வேறானவை என்பது நிலைநாட்டப்பட்டது இங்கிலாந்திலாகும். 1848இல் வாதரத்த நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டிய அல்பிரட் பேரிங் கறொட், 1859இல் வெளியிட்ட நூலிலே, இம்மற்றைய நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தது நுண்ணங்கிக் கொள்கையாகும்.

3

1882இல் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தமை மருத்துவ சிந்தனையின் திருப்புமுனையாகும். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி என்ற நம்பிக்கை பரவிற்று. இதன் முற்போக்கான பங்கினை மறுத்தல் இயலாது. அதே வேளையில் அது நோயைச் சமூக வாழ்நிலையிலிருந்து பிரித்துத் தனியுடலுக்குள் அடைத்து நோக்கும் போக்கிற்கும் வழிவகுத்தது.

முடக்குவாதத்தைப் பொறுத்தவரை இப்போக்கு 'குவியத் தொற்று'க் கொள்கையாக உருப்பெற்றது. பல்லின் வேரிலோ தொண்டைச் சுரப்பியிலோ ஒளிந்திருக்கும் சிறு தொற்று, குருதி வழியே கிருமிகளையோ அவற்றின் நஞ்சையோ மூட்டுகளுக்கு அனுப்புகின்றது என்பதே அக்கொள்கை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்ரர் 1900ஆம் ஆண்டளவில் வாய்த்தொற்றின் தீமைகளைப் பற்றி எழுதினார். சிக்காகோவைச் சேர்ந்த பிராங்க் பில்லிங்ஸ் 1912 தொடக்கம் இதனை முழுமையான கோட்பாடாக வளர்த்தார். பின்னிரு தசாப்தங்களில் எண்ணற்ற நோயாளரின் பற்கள் பிடுங்கப்பட்டன. தொண்டைச் சுரப்பிகள் அகற்றப்பட்டன. கோட்பாடு ஒன்று நிறுவனங்களின் அன்றாட நடைமுறையாகி, சத்திரசிகிச்சையாளரின் வருவாயுடனும் இணைந்துவிட்டபின், அதனைச் சோதிக்கவேண்டிய தேவை எவருக்கும் தோன்றாது போயிற்று.

எனினும் இக்கொள்கையை வீழ்த்தியவரும் அதே முகாமிலிருந்தே வந்தார். நியூயோர்க்கைச் சேர்ந்த ரசல் சீசில் 1929இல் முடக்குவாதத்திற்கு ஸ்ரெப்ரோகொக்கசுக் கிருமியே காரணமென வாதாடியவர். 1938இல் அவரும் மறே அஞ்சிவைனும் 200 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து, பல்லையும் தொண்டைச் சுரப்பியையும் அகற்றியதாற் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை என அறிவித்தனர். தாம் முன்பு கொண்டிருந்த நிலைப்பாட்டைச் சான்றின் முன் கைவிட்ட சீசிலின் நேர்மை போற்றற்குரியது.

ஆயினும் தொற்றுக் கருதுகோள் மூடநம்பிக்கையன்று. நெருங்கிய உறவுடையதெனத் தோன்றிய வாதக்காய்ச்சலுக்கும் ஸ்ரெப்ரோகொக்கசுத் தொண்டைத் தொற்றுக்கும் இடையிலான தொடர்பு 1930களில் உறுதிப்பட்டுவந்தது. ஒரு மூட்டுநோய்க்குப் பொருந்தியது மற்றொன்றிற்கும் பொருந்துமென எண்ணியதில் வியப்பில்லை.

4

இவ்வரலாற்றின் விந்தையான கூறு, பிழையான கோட்பாடுகள் பயனுள்ள மருந்துகளைத் தந்தமையாகும். பொன் உப்புகள் இதற்கு முதற் சான்று. பொன்னின் சயனைட்டுச் சேர்மம் சோதனைக் குழாயிலே காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1890இற் கொக் கூறினார். முடக்குவாதமும் காசநோயை ஒத்த தொற்றே எனக் கருதிய பிரெஞ்சு மருத்துவர் ஜாக் பொறெஸ்ரியே, 1929இல் தம் நோயாளர்க்குப் பொன் உப்புகளைச் செலுத்திப் பயன் கண்டதாக எழுதினார். காசநோயில் அம்மருந்து தோல்வியுற்றது. காசநோயோடு தொடர்பில்லாத முடக்குவாதத்திலோ வெற்றி கண்டது. 1960-61இல் பிரித்தானியப் பேரரசு வாதநோய்க் கழகம் வெளியிட்ட இரட்டை மறைப்புச் சோதனை அப்பயனை உறுதிசெய்தது.

இரண்டாவது சான்று சல்பாசலசீன். 1937இல் சுவீடனிலே அரச பேராசிரியர் பதவி பெற்ற முதற் பெண்ணான நன்னா ஸ்வார்ற்ஸ், முடக்குவாதத்தில் ஸ்ரெப்ரோகொக்கசின் பங்கினை நம்பியவர். கிருமியைத் தாக்கும் சல்பாபிரிடீனையும் அழற்சியைத் தணிக்கும் சலிசிலேற்று வகையையும் ஒரே மூலக்கூறாகப் பிணைக்கும் திட்டம் அவருடையது. 1940களின் தொடக்கத்தில் இம்மருந்து பயன்பாட்டிற்கு வந்தது. 1940களின் இறுதியில் எடின்பரோவில் நிகழ்ந்த ஆய்வொன்று அதற்குப் பாதகமாக அமைந்தது. 1948-49இல் பிலிப் ஹெஞ்சும் அவருடைய தோழரும் அறிமுகஞ்செய்த கோட்டிசோன் உலகையே வியப்பிலாழ்த்தி, 1950இல் நோபல் பரிசையும் பெற்றது. இவ்விரண்டின் விளைவாகச் சல்பாசலசீன் முடக்குவாதத்திற்குரிய மருந்தாக மூன்று தசாப்தங்கள் மறக்கப்பட்டிருந்தது. 1970களின் இறுதியில் பேர்மிங்ஹாமிலே மக்கொன்கியும் அவர்தங் குழுவினரும் அதனை மீட்டெடுத்தனர். இன்று அது நிலைபெற்ற மருந்துகளுள் ஒன்று.

ஒரு மருந்து பயன் தருவதனால் அதனைத் தோற்றுவித்த கோட்பாடு உண்மையென ஆகிவிடாது என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன. நடைமுறையே உண்மையின் உரைகல் என்ற வாக்கியத்தை நாம் அடிக்கடி எடுத்தாள்கின்றோம். நடைமுறை எதனை உறுதிப்படுத்தியது என்ற வினாவை அதனுடன் சேர்த்துக் கேட்காவிடின் அவ்வாக்கியம் வெறும் சுலோகமாகிவிடும்.

5

பொன், சல்பா மருந்து ஆகியவற்றை அடுத்து வந்தது ரெற்றாசைக்கிளின். இதன் கதையில் எமது பிராந்தியத்தவர் ஒருவருக்கு இடமுண்டு. 1895இற் சென்னை மாகாணத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்று, ஐக்கிய அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1940களில் அமெரிக்கன் சயனமிட் கம்பனிக்குரிய லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சி இயக்குநராக விளங்கினார். அவருடைய பொறுப்பிலே பணிபுரிந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகர், மண்மாதிரியொன்றில் வளர்ந்த நுண்ணங்கியிலிருந்து குளோர்ரெற்றாசைக்கிளினைப் பிரித்தெடுத்தார். 'ஓரியோமைசின்' என்ற பெயரில் 1948இல் அது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலேயே சுப்பாராவ் காலமானார். அதே ஆய்வுகூடத்தில், அவருடைய வழிகாட்டலிலேயே, குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கென அமினொப்ரெறின், மெதொற்றெக்சேற்று ஆகிய போலிக் அமில எதிரிகளும் உருவாக்கப்பட்டன. இத்தகவலுக்குப் பின்னர் திரும்புவோம்.

ரெற்றாசைக்கிளினை முடக்குவாதத்தோடு இணைத்தவர் தொமஸ் மக்பேர்சன் பிறவுண். 1930களின் இறுதியில் ரொக்பெல்லர் ஆய்வு நிறுவகத்திலே ஹோமர் ஸ்விப்றுடன் பணியாற்றியபோது, வாதநோயாளரின் இழையங்களிலிருந்து செற்சுவரற்ற மிகச்சிறு நுண்ணங்கிகளைத் தாம் பிரித்தெடுத்ததாக 1939இல் இருவரும் அறிவித்தனர். இன்று மைக்கோபிளாஸ்மா என வழங்கும் வகையினவாக அவை கருதப்பட்டன. அதே காலத்தில், பின்னர் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தினாற் புகழ்பெற்ற அல்பேட் சபின், இவ்வகை நுண்ணங்கி சுண்டெலிகளில் நாட்பட்ட மூட்டழற்சியை உண்டாக்குவதையும், சில பொன் சேர்மங்கள் அதனைக் குணப்படுத்துவதையும் காட்டினார். மூட்டுநோய், நுண்ணங்கி, பொன் என்னும் மூன்றும் ஒரு கண்ணியில் இணைந்தன போலத் தோன்றின. பெனிசிலின் செற்சுவரைத் தாக்கும் மருந்தாதலின் சுவரற்ற மைக்கோபிளாஸ்மாவை அது ஒன்றுஞ் செய்யாது. ரெற்றாசைக்கிளினோ புரத உற்பத்தியைத் தடுப்பதாதலின் அதனைத் தாக்கவல்லது. எனவே பெனிசிலினின் தோல்வியைக் கொண்டு தொற்றுக் கருதுகோளை மறுக்க இயலாது எனப் பிறவுண் வாதிட்டார்.

குறைந்த அளவில், இடைவெளிவிட்டு, ஆண்டுக்கணக்காக ரெற்றாசைக்கிளின் வழங்கும் முறையை அவர் 1989இல் இறக்கும்வரை கைக்கொண்டார். 1988இல் ஹென்றி ஸ்கமெலுடன் இணைந்து அவர் வெளியிட்ட நூல், சலிப்புற்ற நோயாளர் பலருக்குப் பற்றுக்கோடாயிற்று. ஆயின் அவரிடம் இல்லாதிருந்தது ஒன்றுண்டு: மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் முறையாக ஒப்பிட்டுக் காட்டும் சான்று. முடக்குவாதம் தானே கூடியுங் குறைந்தும் வரும் இயல்பினது. அத்தகைய நோயில் மருத்துவரின் அனுபவமும் நோயாளரின் சாட்சியமும் எத்துணை நேர்மையானவையாயினும் போதியனவாகா. 1971இல் ஏறக்குறைய முப்பது பேரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஓராண்டுக்கால இரட்டை மறைப்புச் சோதனை, ரெற்றாசைக்கிளினுக்கும் போலி மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. சோதனை சிறிது, அளவும் நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் மாத்திரமே. எனினும் மருத்துவ உலகு அத்துடன் அவ்வினாவை மூடிவிட்டது.

6

மூடப்பட்ட வினா திரும்பத் திறக்கப்பட்டது எதிர்பாராத திசையிலிருந்தாகும். பல்லீறு நோயை ஆராய்ந்த லோர்ன் கொலுப் என்பாரும் அவர் குழுவினரும், ரெற்றாசைக்கிளின் வகை மருந்துகள் இணைப்பிழையத்தைச் சிதைக்கும் கொலாஜனேஸ் என்னும் நொதியத்தைத் தடுப்பதை 1983இல் வெளிப்படுத்தினர். கிருமியைத் தாக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட ரெற்றாசைக்கிளின் மூலக்கூறுகளும் அந்நொதியத்தைத் தடுத்தமையைப் பின்னர் அவர்கள் காட்டினர். முடக்குவாதத்திலே மூட்டின் உட்சவ்வு தடித்து அழற்சியுற்று, இத்தகைய நொதியங்களாற் கசியிழையத்தையும் எலும்பையும் அரிக்கின்றது. எனவே ரெற்றாசைக்கிளின் ஒரு கிருமியையேனும் கொல்லாமலே மூட்டுக்கு உதவக்கூடும் என்ற புதிய கருத்துத் தோன்றிற்று.

1990களில் மினோசைக்கிளின் என்னும் ரெற்றாசைக்கிளின் வகை முறையாகச் சோதிக்கப்பட்டது. நெதர்லாந்திலே லெய்டன் நகர ஆய்வாளர் 80 நோயாளரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகங்களின் நிதியில் 219 நோயாளரைக் கொண்டு 48 வாரங்கள் நிகழ்ந்த பெருஞ்சோதனையின் முடிவு 1995இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மினோசைக்கிளின் பெற்றோரில் நூற்றுக்கு 54 பேருக்கு மூட்டு வீக்கம் குறைந்தது. போலி மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 39 பேருக்குக் குறைந்தது. மூட்டு நோவைப் பொறுத்தவரை இவ்வெண்கள் முறையே 56, 41 ஆகும். 1997இல் நெபிராஸ்கா ஆய்வாளர் ஜேம்ஸ் ஓடெல் குழுவினர், நோய் தொடங்கி ஓராண்டு நிறையாத 46 பேரிடம் நிகழ்த்திய சோதனையில் வேறுபாடு மேலும் பெரிதாகக் காணப்பட்டது. மினோசைக்கிளின் பெற்றோரில் நூற்றுக்கு 65 பேரும், மற்றையோரில் நூற்றுக்கு 13 பேரும் பாதியளவு முன்னேற்றம் எய்தினர்.

இவ்வெண்கள் இரண்டு செய்திகளைக் கூறுகின்றன. முதலாவது, பிறவுணை எள்ளியோர் முற்றிலும் சரியானவரல்லர், மருந்துக்குப் பயனுண்டு. இரண்டாவது, பிறவுண் நம்பியவாறு நோய் வேரோடு களையப்படவில்லை, பயன் மிதமானதே. அதுவும் கிருமி கொல்லப்பட்டதால் விளைந்ததா, நொதியம் தடுக்கப்பட்டதால் விளைந்ததா, அழற்சி தணிந்ததால் விளைந்ததா என்பதை இச்சோதனைகள் தீர்மானிக்கவில்லை. நீண்டகாலப் பயன்பாட்டில் தலைச்சுற்றலும், தோல் நீலங் கலந்து கறுத்தலும், அரிதாக லூப்பசு போன்ற நோயும் தோன்றுதலும் பதிவாகியுள்ளன. 2008இலும் 2012இலும் அமெரிக்க வாதநோயியற் கல்லூரியின் பரிந்துரைகளில் இடம்பெற்ற மினோசைக்கிளின், பயன்பாடு அருகியதாலும் புதிய ஆய்வின்மையாலும் 2015இன் பரிந்துரைகளில் ஆராயப்படாது விடப்பட்டது.

7

ஏன் புதிய ஆய்வுகள் நிகழவில்லை? மினோசைக்கிளினின் காப்புரிமை முடிந்துவிட்டது. அதனை மேலும் சோதிக்க முதலிடுவோர்க்கு இலாபமில்லை. 1998இலிருந்து வரத் தொடங்கிய உயிரியல் மருந்துகளோ ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் டொலர் விலையுடையன. ஆய்வுப் பணம் அவற்றின் பின்னே சென்றது. மருந்து பண்டமாக உள்ள சமுதாயத்தில் எவ்வினா கேட்கப்படும் என்பதனைச் சந்தை பெருமளவிற்குத் தீர்மானிக்கின்றது. ரெற்றாசைக்கிளினின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. 1950களில் அதனை விற்ற அமெரிக்கக் கம்பனிகள் ஒரே விலையை விதித்தமை 1959இல் தொடங்கிய செனற்றர் கிபோவரின் விசாரணையில் அம்பலமாயிற்று. 1967இல் மூன்று கம்பனிகள் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டன. 1970இல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

இலங்கையும் இதன் சுவையை அறியும். 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, சஞ்சய லாலுடன் இணைந்து 1977இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளார். நாட்டில் வாந்திபேதி பரவிய வேளையில், கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் குளிசையாக்கித் தருவதற்குப் பல்தேசியக் கம்பனியொன்றின் உள்ளூர்த் தொழிற்சாலை உடன்படவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பரில் பிபிலே கயானாவிலே காலமானார்.

ஆயினும் சந்தை ஒன்றே விளக்கமாகிவிடுமா? இங்கேதான் சுப்பாராவின் ஆய்வுகூடத்திற்குத் திரும்பவேண்டியுள்ளது. இன்று உலகெங்கும் முடக்குவாத சிகிச்சையின் அடித்தளமாக விளங்குவது மெதொற்றெக்சேற்று. 1951இல் கப்னரும் தோழரும் அதன் இனமான அமினொப்ரெறினை முடக்குவாதத்திற் பயன்படுத்தினர். 1980களில் முறையான சோதனைகள் மெதொற்றெக்சேற்றின் பயனை நிலைநாட்டின. 1988இல் அமெரிக்க அரசு அதனை இந்நோய்க்கு அங்கீகரித்தது. அதுவும் ரெற்றாசைக்கிளினைப் போன்றே பழையது, அதே கம்பனியின் ஆய்வுகூடத்திற் பிறந்தது, இன்று மலிவானது. மலிவான மருந்துகளை எல்லாம் மூலதனம் புதைத்துவிடும் என்ற சூத்திரம் உண்மையாயின், மெதொற்றெக்சேற்றும் புதையுண்டிருத்தல் வேண்டும். அது நிலைத்தமைக்குக் காரணம் அதன் பயன் வலியதாக இருந்தமையே. மினோசைக்கிளினின் பெருஞ்சோதனைக்குப் பணமளித்ததும் பொது நிதியே. ஆகவே சதி பற்றிய விளக்கம் இவ்விடத்திற் பொருந்தவில்லை. மிதமான பயனுடைய மருந்தை மேலும் துருவி ஆராய்ந்து, யாருக்கு, எக்கட்டத்தில், எதனோடு சேர்த்து வழங்கலாம் எனக் காணும் பணியைச் சந்தை கைவிட்டது என்பதே சான்றுகள் தாங்கும் முடிவு. அக்கைவிடலால் முதலில் இழப்புறுவோர் உயிரியல் மருந்துகளின் விலையை எட்டமுடியாத நாடுகளின் நோயாளரே.

8

தொற்றுக் கருதுகோளின் இன்றைய நிலையையும் சுருக்கமாகக் கூறல் வேண்டும். 1975இல் ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்து லைம் பகுதியிலே, சிறுவரிடையே முடக்குவாதம் பெருகுவதை அவர்தம் தாய்மார் உணர்ந்து அதிகாரிகளிடம் முறையிட்டனர். அலன் ஸ்ரியர் அதனை ஆராய்ந்து 1977இல் புதியதொரு மூட்டுநோயாக அறிவித்தார். உண்ணியால் பரவும் அதன் கிருமியை 1980களின் தொடக்கத்தில் வில்லி பேர்க்டோபர் இனங்கண்டார். முடக்குவாதம் எனப்பட்டவற்றுள் ஒரு பகுதி நுண்ணுயிர் எதிரியாற் குணமாகும் தொற்றென அப்போது தெளிவாயிற்று. நிபுணர்க்கு முன்னர் அதனைக் கண்டோர் தாய்மார் என்பது குறிப்பிடத்தக்கது.

முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, அதற்குரிய தனிக் கிருமி எதுவும் நிறுவப்படவில்லை. உடலின் தற்காப்பு முறைமையே உடலைத் தாக்கும் நோயாகவே அது இன்று கொள்ளப்படுகின்றது. எனினும் பல்லீற்று நோயை விளைக்கும் ஒரு பற்றீரியா, உடற்புரதங்களை மாற்றியமைத்து அத்தாக்குதலைத் தூண்டக்கூடுமா என்பது ஆராயப்படுகின்றது. புதிதாக முடக்குவாதமுற்றோரின் குடலில் பிரெவொற்றெல்லா கொப்ரி என்ற நுண்ணங்கி மிகுந்திருப்பதை நியூயோர்க் ஆய்வாளர் 2013இல் வெளியிட்டனர். ஹன்ரரும் பில்லிங்சும் சுட்டிய வாய்க்கு ஆய்வு மீண்டுள்ளது. ஆனால் பற்களைப் பிடுங்கும் அவசரம் இல்லாது மீண்டுள்ளது. மறுக்கப்பட்ட கருத்தொன்றின் உட்கரு உயர்ந்ததொரு தளத்திலே திரும்ப எழுவதை இயங்கியல் அறிந்தோர் இனங்கண்டுகொள்வர்.

சல்பேற்றியேரின் ஒன்பது பெண்களிலிருந்து இற்றைவரை இந்நோயுற்றோரில் ஆண்களிலும் பெண்களே மிகப் பலர். எமது நாட்டிலே தேயிலை கொய்யும் கைகளும் அவர்களுடையவை. நெல் நாற்று நடும் கைகளும் அவர்களுடையவை. அக்கைகள் முடங்கும்போது, மலையகத்து அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலே எம்மருந்து கிடைக்கும் என்ற வினா எழுகின்றது. பிபிலே தொடங்கிய பணியின் எல்லைக்குள் வரும் வினா அது. அதற்கு விடை காண்பதற்கு, மலிவான மருந்துகளின் பயனை மிகைப்படுத்தாமலும் குறைத்து மதிப்பிடாமலும் பொது நிதியிற் சோதிக்கும் ஆய்வுகள் எமது மருத்துவ பீடங்களிலிருந்தே தோன்றுதல் வேண்டும்.